புஷ்பராணி தேடிப்போன அடிக்குறிப்பு

பதுளை பஸ் பெரகல சந்தியில் நின்றிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் துறை விரிவுரையாளர் புஷ்பராணி காலமாகிவிட்டார். எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, எரிச்சல். அவருடைய கட்டுரை இன்னும் அச்சாகவில்லை.

அவரோடு பழகியவர்களுக்கு அந்தக் கட்டுரையைத் தெரியும். "தேயிலைத் தோட்டத்துப் பெற்றோருக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறையில்லை" என்ற வாக்கியம் ஆய்வுலகில் எப்படிப் பரவியது என்று தேடினார். நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, கொழுந்து பறித்த தாய் படிக்கவைத்த பெண்ணுக்கு அது பொறுக்கவில்லை. ஒவ்வொரு கட்டுரையின் அடிக்குறிப்பையும் பிடித்து, அது காட்டும் பழைய கட்டுரைக்குப் போவார்; அங்கிருந்து அதற்கும் பழையதற்கு. யார் யாரிடமிருந்து எடுத்தார் என்று ஆண்டுவாரியாகக் கோடு போடுவார். எல்லாக் கோடுகளும் ஒரு கல்வி அதிகாரியின் பழைய அறிக்கையில் போய் முடிந்தன. தான் தோட்டப் பள்ளிக்குப் போன அன்று வகுப்பு வெறுமையாக இருந்தது என்றும், அன்று தோட்டத்து மாரியம்மன் தேர் என்றும் அவர் எழுதியிருந்தார். தேரன்று தோட்டமே லீவு. அதை முதலில் மேற்கோள் காட்டியவர் தேரை விட்டுவிட்டார். அடுத்தவர் ஒரு நாளை எல்லா நாளும் ஆக்கினார்.

ஒருநாள் என் மேசைக்கு வந்தார்.

"சேர், நீங்களும் அந்த வரிய எழுதியிருக்கீங்க. மூல அறிக்கைய பாத்தீங்களா?"

"இல்லை. எல்லாரும் எழுதியிருக்கினம்தானே" என்றேன், என் யாழ்ப்பாணத்து அதிகாரத்தோடு.

"எல்லாரும் ஒருத்தர பாத்துத்தான் எழுதியிருக்காங்க. நூறு பேர் சொன்னாலும் சாட்சி ஒன்னுதான் சேர்."

கோபப்படாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் தேவலை.

மூன்று சஞ்சிகைகள் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. கடைசி மதிப்பீட்டாளர், "மறுக்கப்படுவது ஏற்கெனவே நிறுவப்பட்ட உண்மை" என்று எழுதி, ஆதாரமாக என் கட்டுரையைக் காட்டியிருந்தார். புஷ்பராணி வாசித்துவிட்டுச் சிரித்தார். "நீங்க இப்ப பெரிய ஆளு சேர்." எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. என் கட்டுரையைத் திருத்தும்படி அதை வெளியிட்ட சஞ்சிகைக்கு எழுதினேன். பழைய இதழ்களைத் திருத்துவதில்லை என்றார்கள். அவர் நோயில் கிடந்த மாதங்களில் இன்னொரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

நான் படிக்காத ஒன்றைச் சான்றாகக் காட்டக் கை கூசுகிறதே, அதுதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. பிந்தி வந்த கூச்சம், யாருக்கும் பிரயோசனப்படவில்லை. கருமாதிக்குப் போய்வந்த மறுநாள் ஒரு மாணவி ஆய்வேடு கொண்டுவந்தாள். மூன்றாம் பக்கத்தில் அதே வாக்கியம், அடியில் என் பெயர்.

"இது பிழை பிள்ளை, இந்த வரியை வெட்டிவிடும்" என்றேன்.

அவள் அடியிலிருந்த என் பெயரைத் தொட்டுக் காட்டினாள். "சேரே எழுதினதுதானே, அது எப்படி பிழையாகும்?"