பூதக்கண்ணாடிப் பெரியம்மா

கடவுள் உலகத்தைப் படைத்து முடித்ததும் என் பெரியம்மாவிடம் காட்டியிருந்தால், "இடுக்கெல்லாம் அழுக்கு, இன்னொரு தடவ கழுவிட்டு வா" என்று திருப்பி அனுப்பியிருப்பாள். அவளை மிஞ்சிய சுத்தக்காரி ஈரேழு பதினாலு லோகத்திலும் கிடையாது.

பெரியம்மா, அம்மாவின் அக்கா. ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, சோதித்து, கட்டி அனுப்புவது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே ஜன்னலில்லாத அறை. இப்போதெல்லாம் குழந்தையின் வயிற்றை நீளமாகக் கிழிப்பதில்லையாம். மூன்றே சின்ன ஓட்டை. தொப்புள் வழியாகக் கேமரா, மற்ற இரண்டில் பென்சிலைவிட ஒல்லியான கம்பிகள். டாக்டர் டிவியைப் பார்த்துக்கொண்டே உள்ளே வேலை செய்வார். நான் டிவி பார்த்துக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதினால் மட்டும் குற்றம்.

அந்தக் கம்பிகளின் மேல் கறுப்பு உறை உண்டு. சதையைச் சுட்டு வெட்டும் கரண்ட் நுனியில் மட்டும்தான் வர வேண்டும். உறையில் மயிரிழை அளவு கீறல் விழுந்தாலும் வழியிலேயே கசிந்து குடலைச் சுட்டுவிடும், டிவியில் தெரியவும் தெரியாது. அதனால் பெரியம்மா ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடிக்கு அடியில் உருட்டி உருட்டிப் பார்ப்பாள். அங்கே அவள் பெயரே பூதக்கண்ணாடிதான். எங்கள் வீட்டிலும் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பாள். பிள்ளை குட்டி இல்லை. என்னையும் தம்பியையும் அதட்டுவதற்காகவே வாரம் இரண்டு முறை பஸ் மாறி வருவாள்.

போன மாதம் தம்பிக்கு வயிற்றுவலி. எட்டு வயது, ஒல்லிக்குச்சி, நான் வைத்த பெயர் குண்டூசி. குடல்வால் வீங்கியிருக்கிறது, வெடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். பெரியம்மாவின் ஆஸ்பத்திரியிலேயே, காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன்.

"அக்கா, எத்தன ஓட்ட போடுவாங்க?"

"மூணு. உன் சட்டையிலயே அஞ்சு ஓட்ட இருக்கு, அது அழுதுச்சா?"

அவன் சிரிக்கவில்லை. அம்மா கையெழுத்துப் போடப் போயிருந்த நேரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். அப்புறம் கொஞ்சம் சிரித்தான். அது என்ன காரியம் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

ஒன்பது மணி ஆயிற்று. யாரும் கூப்பிடவில்லை. பச்சைத் தொப்பியோடு பெரியம்மாதான் வந்தாள்.

"நான்தான் நிறுத்தினேன். கரண்ட் கொக்கிக் கம்பியோட உறையில கீறல். இன்னொரு செட்டு கிருமி கொல்ற மெஷின்ல இருக்கு. நாப்பது நிமிஷம் ஆகும்."

"கண்ணுக்கே தெரியாத கீறலுக்கா?" என்றாள் அம்மா.

"டாக்டரும் அதத்தான் கேட்டார். கண்ணாடியக் கையில குடுத்தேன். பாத்துட்டு, அடுத்த செட்டு எப்ப வரும்னு கேட்டார்."

"அதுக்குள்ள வெடிச்சிட்டா? நம்ம வீட்டுப் பிள்ளதானே அக்கா, ஒரு நாளாவது கண்ண மூடிட்டு அனுப்பேன்!"

"யார் வீட்டுப் பிள்ளைன்னு அந்தக் கீறலுக்குத் தெரியாதுடி."

நான் சும்மா இருப்பேனா? "அவன் வயிறு வெடிச்சா அதையும் கண்ணாடி வச்சுப் பாருங்க!" என்று கத்திவிட்டேன்.

கழுவிக் கழுவி வெளுத்துப்போன விரல்களால் பெரியம்மா தன் பச்சைத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டாள். பார்க்காத மாதிரி நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அன்றைக்கு அந்த முள் நொண்டி நொண்டித்தான் நகர்ந்தது.

ஒருவழியாகத் தம்பியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். பதினொன்றரைக்கு டாக்டர் வெளியே வந்தார். குடல்வால் வெடிக்கவில்லை, முழுசாக எடுத்தாயிற்று, நாளை மறுநாள் வீட்டுக்குப் போகலாம்.

அம்மா பெரியம்மாவின் தோளில் சாய்ந்து அழுதாள். நான் மெல்ல நழுவப் பார்த்தேன்.

"ஏய், இங்க வாடி. கையக் காட்டு."

"எதுக்கு?"

பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து என் ஆள்காட்டி விரலின் மேல் பிடித்தாள். நகக்கண்ணில் நீல மை.

"புள்ள வயித்துல யாரோ மார்க்கரால மூஞ்சி வரஞ்சிருந்தாங்களாம். தொப்புள்தான் மூக்கு. கீழ, 'மெதுவா குத்துங்க, இவன் என் தம்பி'ன்னு எழுத்து வேற."

"எந்தப் பைத்தியமோ" என்றேன்.

அவள் என் விரலை விடவில்லை.

"கீறலுக்கு நாப்பது நிமிஷம் ஆச்சுன்னு என்னத் திட்டினியே, இந்த மையத் தேச்சு எடுக்க ஏழு நிமிஷம் ஆச்சாம். அந்த ஏழுக்கு யாரத் திட்டலாம், நீயே சொல்லு."