கூட்டம் போன பிறகு இறங்கி வரும் காலடி

என் அண்ணியைத் தெருவில் எல்லோரும் பேய்க்கார அம்மா என்றுதான் சொல்வார்கள். பிழைப்புக்குச் செய்வது சோபா, மெத்தை தைக்கும் வேலை. ஓய்வு கிடைக்கும்போது, பேய் நடமாட்டம் என்று பேர் வாங்கிய பழைய கட்டடம் ஏதாவது ஒன்றில் போய் உட்கார்ந்து, என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவார். ஆசைக்காக இறங்கியதல்ல, என் அண்ணனுக்காக இறங்கியது.

அண்ணன் ஒரு பழைய மாளிகையில் காவலாளி. முன்பு பெரிய அதிகாரிகள் குடியிருந்த இடம், இப்போது காட்சிசாலை. சாயங்காலம் பார்வையாளர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டுவது அவர் பொறுப்பு. ஒருநாள் வெளிறிப்போன முகத்தோடு வீட்டுக்கு வந்தார். எல்லோரும் போன பிறகு, மரப்படியில் யாரோ மேலிருந்து இறங்கி வருகிற சத்தம் கேட்டதாம். படி படியாக, நிதானமாக. ஏறிப் பார்த்தால் ஆளில்லை. அப்புறமும் சில நாள் கேட்டிருக்கிறது. மேனேஜரிடம் போய்ச் சொன்னார். மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்தார். கிட்டே வந்து அண்ணன் வாயை மோந்து பார்த்தார்.

தேநீரைத் தாண்டி எதையும் தொடாத மனிதர் என் அண்ணன். மோந்து பார்த்ததோடு விடாமல், இந்த மாதத்தோடு நின்றுகொள்ளுங்கள் என்றும் மேனேஜர் சொல்லிவிட்டார். விஷயம் தெருவுக்கு வர எவ்வளவு நேரம்? முடிவெட்டும் கடைக்காரர் தினமும், "என்ன மாப்பிள்ளை, மாடியில உங்க ஆளு சௌக்கியமா?" என்று விசாரிப்பார். அண்ணன் சிரித்து மழுப்புவார். பிறகு சிரிப்பும் நின்றது, வீட்டில் பேச்சும் நின்றது.

அண்ணி என்னிடம் சொன்னார்: "வேலை போனா வேற வேலை தேடிக்கலாம். பொய் சொல்றவர்னு பேரு விழுந்துட்டா அதை எங்க போயி கழுவுறது? பேயோ பிசாசோ, அவரு கேட்டது நெசம்னு நான் காட்டுறேன்."

பழைய கட்டடங்களில் ஆவிகளை ஆராய்கிற குழு ஒன்று எங்கள் ஊரில் இருந்தது. கல்லூரி வாத்தியார் ஒருவர்தான் தலைவர். மருந்துக்கடைக்காரர் ஒருவரும் கூட இருந்தார். தங்கமான மனிதர்கள். அண்ணி நேரே போய், என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவர்களுக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. சத்தம் கேட்டவரிடம் அதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. அவர் சொன்னது மனதில் ஏறிவிட்டால் நம் காதும் அதையே கேட்டதாக நினைத்துக்கொள்ளும். அடுத்தது, ஆள் நடமாட்டமே இல்லாத நாளாகப் பார்த்துப் போக வேண்டும். அண்ணிக்கு இரண்டும் நியாயமாகத்தான் பட்டன.

மேனேஜரிடம் அனுமதி வாங்கி, மாளிகைக்கு விடுமுறை விடும் நாள் ஒவ்வொன்றிலும் போனார்கள். வாசலிலேயே அண்ணி கண்ணை மூடி, "ஆண்டவா, இருக்கிறதைக் காட்டு, இல்லாததைக் காட்டாதே" என்று வேண்டிக்கொள்வார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, படிக்குக் கீழே ரெக்கார்டரை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். ஒருதரம் அதில் நிஜமாகவே ஓர் உறுமல் பதிவாகிவிட்டது. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு எல்லோருக்கும் புல்லரித்துப்போனது. கடைசியில் மருந்துக்கடைக்காரர்தான், காலையில் சாப்பிடாமல் வந்ததாகவும் அது தன் வயிறு என்றும் ஒத்துக்கொண்டார்.

வேறொன்றும் கேட்கவில்லை. மாதம் முடியப் போகிறது. மனசும் சில நேரம் ஏமாற்றும் அம்மா, இதோடு விட்டுவிடலாம் என்று வாத்தியார் இதமாகச் சொன்னார். அண்ணி அசையவில்லை. "அவரு மனசோட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன் சார். அது ஏமாத்தாது."

மறுநாள் பட்டறையில் கனமான ஒருவர் புது சோபாவில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார். அவர் வாசலைத் தாண்டிய பிறகும், அமுங்கிய மெத்தை மெல்ல மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. தினம் பார்க்கிற காட்சிதான். அன்றைக்கு அண்ணியின் கை ஊசியோடு நின்றது. அப்படியே எழுந்து மாளிகை வாசலுக்குப் போய்விட்டார்.

"ஏங்க, அந்தச் சத்தம் எந்த மாதிரி நாள்ல கேட்டுச்சு?"

அண்ணன் அவரை நிமிர்ந்து பார்த்தார். "இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?"

"கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க."

"கூட்டம் ஏறி எறங்குன நாள்லதான் கேக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைங்க வந்துட்டா கட்டாயம் கேக்கும். நீங்க லீவு நாளா பாத்து வந்து உக்காந்துட்டுப் போறீங்க."

"சொல்லியிருக்கலாமே?"

"யாராவது கேட்டாத்தானே சொல்ல?"

அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு உள்ளே போய், இன்னும் ஒரே ஒருதரம் பார்க்க மேனேஜரிடம் அனுமதி கேட்டார். தானும் கூட நிற்பதாகச் சொல்லி அவர் சம்மதித்தார். மாதம் முடிவதற்குள் பெரிய கூட்டம் எதுவும் வருவதாக இல்லை. அதனால் அண்ணி எங்கள் தெருவையே திரட்டிவிட்டார். கேலி செய்தவர்களைத்தான் முதலில் கூப்பிட்டார். முடிவெட்டும் கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்தார். மத்தியானம் முழுக்க அத்தனை பேரும் தடதடவென்று ஏறினார்கள், இறங்கினார்கள். சாயங்காலம் அவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தியாயிற்று. உள்ளே மேனேஜர், வாத்தியார், அண்ணன், அண்ணி, நான்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அண்ணியின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

உச்சிப் படியில் 'டக்' என்றது. கொஞ்சம் விட்டு, அதற்கடுத்த படி. அதற்கும் கீழே இன்னொன்று. சத்தம் எங்களை நோக்கி இறங்கி வந்தது. மேனேஜர் அண்ணனின் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அண்ணன் நகரவே இல்லை.

அண்ணி எழுந்துபோய், சத்தம் இன்னும் வந்து சேராத படி ஒன்றின்மேல் உள்ளங்கையை வைத்தார். வாத்தியாரையும் கூப்பிட்டு வைக்கச் சொன்னார். அந்தப் படி 'டக்' என்றபோது பலகை கைக்குள் எழும்பியது. மத்தியானம் முழுக்க மிதிபட்டு அமுங்கிய பழைய பலகைகள், கால் விட்டுப்போன வரிசையிலேயே மேலிருந்து ஒவ்வொன்றாக நிமிர்கின்றன. அவ்வளவுதான். வாத்தியார் குழந்தை மாதிரி ஒவ்வொரு படியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார்.

மேனேஜர் அப்போதுதான் அண்ணனின் முழங்கையை விட்டார். "நாளைக்கும் நீங்கதானே பூட்டுவீங்க?" என்று அண்ணனிடம் கேட்டார்.

"நான்தான் சார்," என்றார் அண்ணன்.

இப்போது எந்தக் கட்டடத்துக்குப் போனாலும், சத்தம் கேட்ட ஆளிடம் அண்ணி முதலில் உட்கார்ந்து பேசிவிடுகிறார். வாத்தியாரும் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்.

படிச் சத்தம் பிடிபட்ட அன்றைக்கு வீடு திரும்பிச் சாப்பிட உட்கார்ந்தோம். பாதிச் சாப்பாட்டில் அண்ணன் தலையை நிமிர்த்தி, பின்பக்கம் ஏதோ சத்தம் கேட்கிறது என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவராக வாய் திறந்து சொன்ன முதல் சேதி. அண்ணி டார்ச்சை எடுக்கப் போகவில்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"எப்படிக் கேக்குதுங்க? சொல்லுங்க."

குழாய் சொட்டுகிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் சொல்லி முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.