மணிக்கு எழும்பிய அலை

அந்தக் கைப்பட்டையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். கடிகார அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, ஓரத்தில் பச்சை விளக்கு. அதைக் கட்டியிருப்பவர் தலைக்கு மேல் கை தூக்கினால் பின்திரையில் கடல் எழும்பும், அரங்கமே இரையும். நாடகம் புயலைப் பற்றியது. கடைசிக் காட்சியில் மீனவர் கும்பிட்டு நிற்க, அலை அவரை மூடவேண்டும். சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து நான் எழுதி இயக்கியது. மீனவராக நடித்தவர் என் தாய்மாமா.

கடலூரில் ஒரு மாதம் ஒத்திகை. மாமா ஒருநாளும் பிசகியதில்லை, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். கடைசிக் காட்சி வரை பட்டையை அணைத்து வைக்கலாமே என்று கணினியைக் கவனித்த பெண் சொன்னாள். வேண்டாம் என்றவன் நான்.

சிதம்பரத்தில் கோயிலுக்குப் பக்கத்து மண்டபம். நாடகத்தைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோக அனுமதி தரவேண்டியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் காட்சி, கல்யாணப் பேச்சு. மாமா பலகாரத் தட்டோடு நிற்கிறார். சாயங்காலப் பூஜை மணி அடித்தது. தட்டைக் கீழே வைத்தார், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். கடல் வந்து சம்பந்தியை, பலகாரத்தை, என் பிழைப்பை, எல்லாவற்றையும் மூடியது. அலை ஓய்ந்ததும் விளக்குகள் தானாக அணையும்படி வேறு அமைத்திருந்தேன். முன்வரிசை சிரித்துக்கொண்டே எழுந்து போனது. அனுமதி கிடைக்கவில்லை.

மேடைக்குப் பின்னால் கத்தினேன். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சாமிக்கு மணி அடிக்கிது, கையத் தூக்காம கல்லு மாதிரி நிக்கச் சொல்றியா மாப்ள? உன் மிஷின்தான் கோளாறு."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கொதிக்க வைத்தது. எல்லோர் எதிரிலும் அவர் கையிலிருந்து பட்டையை அவிழ்த்து, இனிமேல் வரவேண்டாம் என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தன் ஊரான கம்மாபுரத்துக்குப் போய்விட்டார். விசேஷ வீடுகளில் பார்த்தால் சாப்பிட்டாயா என்று கேட்பார். நாடகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. திட்டியிருந்தாலாவது பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

இப்போது மறுபடியும் அதே மண்டபம், அதே அனுமதிக்கு இன்னொரு வாய்ப்பு. புது நடிகர் சொல்லாமல் சுண்டுவிரலைக்கூட அசைக்கமாட்டார். போன வாரம் அங்கே ஒத்திகைக்கு அவர் வரத் தாமதமானதால், சோதித்துப் பார்க்க நானே பட்டையைக் கட்டிக்கொண்டு மேடையில் நின்றேன். விளக்கின் இடம் சரியில்லை என்று யாரையோ கடிந்துகொண்டிருந்தபோது பூஜை மணி அடித்தது. திரையில் கடல் எழும்பிய பிறகுதான் என் இரண்டு கையும் தலைக்கு மேல் இருப்பதைக் கண்டேன்.

கணினி முன்னால் இருந்த அதே பெண் நிமிராமலே கேட்டாள், "யாரு சார் கையத் தூக்குனது?"

பட்டையை அவிழ்த்துக்கொண்டே, "மிஷின் கோளாறும்மா" என்றேன்.