பத்து நாள் வெயில்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ல, ள, ழ மூன்றிலும் எனக்கு இன்னும் சந்தேகம்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், அதுவும் தெலுங்குப் பள்ளி. தமிழ் வீட்டில் பழகியது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது ஹைதராபாத் பக்கம் போலாரத்தில் இருந்தோம். அப்பாவின் தங்கையும் எங்களோடுதான். ஹைடெக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை, இரண்டு பஸ் மாறிப் போய் வருவாள். அத்தை செருப்பைக் கழற்றிய பிறகுதான் எனக்குச் சாயங்காலமே தொடங்கும்.

கோடையில் அத்தை ரோஜா சர்பத் போடுவாள். வாசலில் பூத்த பன்னீர் ரோஜா இதழ்களைச் சர்க்கரையோடு பிசைந்து, கண்ணாடி ஜாடியில் அடைத்து மொட்டைமாடியில் வைப்பாள். பத்து நாள் வெயிலில் குழைந்ததும், தண்ணீர் விட்டுக் காய்ச்சி வடிகட்டுவாள்.

அந்த வருடம் கம்பெனி அவளை அமெரிக்காவுக்கு அனுப்புவதாயிற்று. நான் அழுதேன். "சர்பத்தை வடிகட்டி உன் கையில ஒரு கிளாஸ் குடுத்துட்டுத்தாண்டா போவேன்" என்றாள். அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். சர்பத் ஆகாவிட்டால் அத்தை போக முடியாதல்லவா? அவள் வேலைக்குப் போனதும் ஜாடியைத் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்குத் தள்ளுவேன். பஸ் வரும் நேரத்தில் மறுபடி வெயிலுக்கு. போதாததற்கு ஒரு டம்ளர் தண்ணீரும் ஊற்றினேன்.

பத்தாம் நாள் மூடியைத் திறந்தால் புளித்த வாடை.

"வெயில் பத்தல, அண்ணி" என்றாள் அத்தை, என்னைப் பார்க்காமல்.

"ஹவ் ஹவ், ஆமா ஆமா, ஊரே வறுபடுது, உனக்கு மட்டும் பத்தலயா!" என்றாள் அம்மா.

"மறுபடி போடறேன்."

"நக்கோம்மா, வேணாம். கடையில பாட்டில் பாட்டிலா விக்குது. நாளன்னைக்கு நீ ப்ளேன் ஏறணும்."

அத்தை கேட்கவில்லை. ஆபீஸில் கெஞ்சிப் பயணத்தைப் பத்து நாள் தள்ளிவைத்தாள். லீவும் போட்டுவிட்டு வந்து பூப் பறித்தாள்.

நானோ, எங்கே மாட்டிக்கொள்வேனோ என்ற பயத்தில் அவள் கண்ணில் படாமல் திரிந்தேன். பள்ளி விடுமுறை. காலையில் வெளியேறினால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு. மாடியிலிருந்து என்னைக் கூப்பிடுவாள். காது கேட்காதவன்போலத் தெருவில் கோலி உருட்டிக்கொண்டிருப்பேன்.

இரண்டாவது ஜாடியை நான் தொடவே இல்லை. அது நன்றாகவே வந்தது. சொன்னபடி ஒரு கிளாஸை என் கையில் கொடுத்துவிட்டு டாக்ஸி ஏறினாள். அதன்பின் அவள் வந்ததெல்லாம் விருந்தாளியாகத்தான்.

அந்தப் பத்து நாளை அவள் யாருக்காகக் கெஞ்சி வாங்கினாள் என்பது கோலி உருட்டிக்கொண்டிருந்தவனுக்குத் தெரியவில்லை.

எழுதி முடித்தது, மே 19.