ஹம் நகரத்தில் பத்தாவது ரவை

சனிக்கிழமை காலை 6.20. டார்ம்ஸ்டாட் ரயில் நிலையத்தில் குளிர் காதைக் கடித்தது. 2007 மார்ச். கையில் 33 யூரோ வார இறுதிச் சீட்டு. ஐந்து பேர் சேர்ந்து போனால் கொள்ளை லாபம், தனியாளாகப் போனாலும் நஷ்டமில்லை. ஒரே நிபந்தனை, விரைவு வண்டியில் ஏறக் கூடாது. அதனால் ஃபிராங்க்ஃபர்ட், சீகன், ஹாகன் என்று மூன்று இடத்தில் மாறி, சுமார் 250 கிலோமீட்டரை ஆறு மணி நேரத்தில் கடக்கவேண்டும். கோவில்பட்டியிலிருந்து சென்னைக்கு முன்பதிவில்லாத பெட்டியில் நின்றுகொண்டே போனவனுக்கு இதெல்லாம் ஒரு பயணமா?

போன காரியம் வேடிக்கையானது. ஹம் நகரத்து ஊன்ட்றொப் காமாட்சி அம்மன் கோயில் தேருக்கு முந்தைய கோடையில் போயிருந்தேன். அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்ற சிவநேசன் என்பவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. கல்லூரியில் என்.சி.சி.யில் துப்பாக்கி சுட்டதையும், ஒரே ஒரு முறை நடுப்புள்ளியில் அடித்ததையும் வழக்கம்போல் அளந்துவிட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நானும் சுடுறனான் தம்பி. இஞ்சத்தை ஃபெரைன்ல பதினெட்டு வருஷம்" என்றார். ஃபெரைன் என்றால் சங்கம். ஜெர்மனியில் மூன்று பேர் ஒன்றாகத் தும்மினால் அதற்கும் ஒரு சங்கம் உண்டு. சுடுவதற்கும் ஊருக்கு ஊர் இருக்கிறது.

பிப்ரவரியில் அவரே தொலைபேசியில் அழைத்தார். "மார்ச்சில மாவட்டப் போட்டி இருக்கு. வந்து பாருங்கோ. இது என்ர கடைசிப் போட்டி."

காரணம் லண்டன். ஜெர்மன் குடியுரிமை கிடைத்ததும் இங்கிருந்து பல ஈழத்துக் குடும்பங்கள் பிள்ளைகளின் படிப்புக்காக இங்கிலாந்து போய்க்கொண்டிருந்த காலம் அது. சிவநேசன் அண்ணைக்கும் ஜூனில் பயணம். இங்கிலாந்தில் கைத்துப்பாக்கிக்குத் தடை. அங்கே போனால் வைத்திருக்கவும் முடியாது, சுடவும் முடியாது. இந்த மாவட்டப் போட்டியில் தேறினால், மே மாதம் மாநிலப் போட்டியில் ஒரே ஒரு தடவை சுட்டுவிட்டு மூட்டை கட்டலாம். அதற்கு முந்தைய இரண்டு வருடமும் இரண்டு மூன்று புள்ளியில் தவறவிட்டவர்.

மதியம் 12.25. ஹம். அண்ணை நிலைய வாசலில் நின்றார். ஐம்பத்திரண்டு வயது, மெலிந்த உடம்பு, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி வாரிய தலை. தொழில், ஒரு முதியோர் இல்லச் சமையலறையில். காரில் ஏறியதுமே கவலையைச் சொன்னார்.

"குறிபார்க்கிற தகடு புதுசு மாத்தினனான் தம்பி. அதைச் சரிபார்க்க, நாளைக்கு வைச்சிருந்த நாப்பதில பத்து ரவை முடிஞ்சுது. இண்டைக்குப் பத்து ரவை செய்ய வேணும்."

"ரவைதானே, செஞ்சிரலாம்ணே. வெங்காயம் நான் நறுக்கித் தாரேன்" என்றேன்.

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு சிரித்த சிரிப்பில் காரை ஓரம் கட்டவேண்டியதாயிற்று. தோட்டாவைத்தான் அவர்கள் ரவை என்கிறார்கள். நான் உப்புமாவுக்குத் தயாராகிவிட்டேன். வீட்டுக்குப் போனதும் மனைவி வசந்தி அக்காவிடம் அதை இரண்டு முறை சொல்லிச் சிரித்தார். "இந்தியாத் தமிழும் எங்கட தமிழும் கவனமாக் கதைக்க வேணுமப்பா" என்றார் அக்கா. நாங்கள் எங்கே கவனித்தோம்?

மதியம் 3.00. நிலவறை. இரும்புப் பெட்டியைத் திறந்து ரிவால்வரை எடுத்து, உருளையைத் திறந்து காலி என்று காட்டிவிட்டுத்தான் மேசையில் வைத்தார். பிடி, வால்நட் மரம். தம் கைக்கு அளவெடுத்து, குளிர்காலம் முழுக்கத் தாமே உளியால் செதுக்கியது. என் கையில் அது பொருந்தவேயில்லை, அடுத்தவன் செருப்பைப் போட்ட மாதிரி இருந்தது. விசையை இலகுவாக்கத் துப்பாக்கிக் கம்மியரிடம் கொடுத்து மூன்று மாதம் காத்திருந்தாராம்.

மேசையோரம் நெம்புகோல் வைத்த ஓர் இரும்புக் கருவி. சுட்டு முடிந்த தோட்டாவின் பித்தளைக் கோதைத் துடைத்து, சீராக்கி, வெடிமருந்து நிரப்பி, முனையில் ஈயக்குண்டை அழுத்தினால் மறுபடியும் தோட்டா. இந்த வேலைக்குத் தனிப் படிப்பு, தனிப் பரீட்சை, தனி அனுமதி. அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், அதற்கு மட்டும் ஏழு மாதம் அலைந்தாராம். கடையில் வாங்கலாமே என்று கேட்டேன்.

"கடைத் துணி எல்லாருக்கும் தைச்சது. இது என்ர துவக்குக்கு அளவெடுத்துத் தைச்சது" என்றார். துவக்கு என்றால் துப்பாக்கி.

பத்துக் கோதும் ஒரு மரத்தட்டில் நின்றன. ஒவ்வொன்றாக எடுத்து நெம்புகோலை இழுத்து மருந்து விட்டார். ஒன்பதாவது வரை நானும் பேசாமல்தான் இருந்தேன். பத்தாவதைக் கையில் எடுத்தபோது, சுவரில் தொங்கிய பாதி செதுக்கிய இன்னொரு பிடியைக் காட்டி, "அது யாருக்குண்ணே?" என்று கேட்டுத் தொலைத்தேன். விருந்தாளி கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பாரா மனுஷன்? திரும்பிப் பார்த்து, முதலில் செதுக்கிக் கெடுத்தது என்று விளக்கினார். பேசியபடியே கோதைத் தட்டில் வைத்தார்.

எல்லாம் முடிந்ததும் குண்டு அழுத்துவதற்கு முன், ஒவ்வொரு கோதுக்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்ப்பது அவர் வழக்கம். வாசிக்கிற கண்ணாடியை மேலே விட்டுவிட்டு வந்திருந்தார். "தம்பி, இளம் கண். ஒருக்காப் பாருங்கோ, மருந்து எல்லாத்திலையும் ஒரே மட்டமோ எண்டு."

டார்ச்சை அடித்துப் பார்த்தேன். ஒன்பதில் சாம்பல் நிறத் துகள் ஒரே மட்டத்தில் தெரிந்தது. கடைசியில் வெறும் பித்தளைதான் பளபளத்தது.

"ஒன்பதும் ஒரே மட்டம்ணே. கடைசியில காணும்" என்றேன்.

"காணுமோ?"

"ஆமாண்ணே, காணும்."

"காணும் எண்டால் சரி" என்றார் நிம்மதியாக.

அவர் பார்த்துக்கொள்வார் என்று நான் டார்ச்சை அணைத்துவிட்டு, கெட்டுப்போன பிடியைச் சுவரிலிருந்து எடுத்துப் பார்க்கப் போனேன். எனக்குப் பின்னால் நெம்புகோல் பத்து முறை இறங்கும் சத்தம் கேட்டது. பத்தையும் ஒரு சிவப்புப் பெட்டியில் வைத்து, கடைசிப் பத்துக்கு என்று எழுதி ஒட்டினார்.

ஞாயிறு காலை 9.40. சுடுதளம் ஊருக்கு வெளியே 11 கிலோமீட்டரில், கோதுமை வயலை ஒட்டிய ஒரு நீளமான செங்கல் கட்டடம். முன்பக்கம் உணவறை, பழைய கோப்பைகள், பன்றி வறுவல் வாசனை. காப்பி 1 யூரோ 20. ஒருவரையொருவர் "கூட் ஷுஸ்" என்று வாழ்த்திக்கொண்டார்கள், நல்ல சூடு அமையட்டும் என்று பொருள். எல்லோரும் அண்ணையைத் தோளில் தட்டினார்கள். ஹோர்ஸ்ட் என்ற பெரிய மீசைக்காரர் தள மேற்பார்வையாளர். என்னிடம் காதடைப்பானைக் கொடுத்து, "இவரைப் போல ஒழுங்கானவர் எங்களிடம் யாருமில்லை. பதினெட்டு வருடத்தில் ஒரு பிழை கிடையாது" என்று நிறுத்தி நிதானமான ஜெர்மனில் சொன்னார். எனக்கே பெருமையாக இருந்தது.

10.30. இருபத்தைந்து மீட்டர். மொத்தம் நாற்பது சூடு, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் பத்துப் புள்ளி. முதல் இருபது நிதானமாக, அடுத்த இருபது வேகமாக, ஐந்தைந்தாக. நிதானச் சுற்றில் அண்ணைக்கு 184. வேகத்தில் முதல் பத்துக்கு 92. போன வருடத்துக் கணக்கின்படி 360 எடுத்தால் தேறிவிடலாம். இன்னும் பத்துச் சூட்டில் 84 போதும். ஹோர்ஸ்ட் பார்வையாளர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து எனக்குக் கட்டைவிரலைக் காட்டினார்.

அண்ணை சிவப்புப் பெட்டியைத் திறந்தார்.

ஒன்று. இரண்டு. மூன்றாவதில் இடி வரவில்லை, பொட்டென்று பாட்டில் மூடி திறந்தது போல ஒரு சத்தம்தான். வேகச் சுற்று, விரல் அடுத்த விசைக்கு ஏற்கெனவே அழுந்திக்கொண்டிருந்தது. அவர் நிறுத்தினார். எப்படி நிறுத்தினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குழலை இலக்குப் பக்கம் வைத்தபடியே இடது கையை மேலே தூக்கினார்.

ஹோர்ஸ்ட் வந்து ரிவால்வரை வாங்கி, குழலுக்குள் மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தார். மருந்தில்லாத தோட்டா. அடியிலிருந்த பற்றவைக்கும் சிறு வில்லை மட்டும் வெடித்துத் தள்ளியதில் குண்டு பாதிக் குழலில் சிக்கியிருந்தது. அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கும், விரல்கள் போயிருக்கும் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். கையால் செய்த தோட்டா என்பதால் அன்றைய விதிப்படி திரும்பச் சுட வாய்ப்பில்லை. மிச்சம் எட்டுக்கும் பூஜ்யம்.

யாரும் ஏளனம் செய்யவில்லை. ஒவ்வொருவராக வந்து கையைக் குலுக்கினார்கள். அண்ணை ஒவ்வொருவரிடமும் ஜெர்மனில், அவர் பேச்சில் சொன்னால் டொச்சில், "மைன் ஃபேலர்", என் பிழை என்றார். எத்தனை பேர், அத்தனை முறை. ஹோர்ஸ்ட் மட்டும் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்.

மதியம் 2.10. வீட்டில் சோறு, மீன்குழம்பு, மாசிச் சம்பல். அண்ணை, "கை தவறியிட்டுது. வயது போட்டுது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். நான் எப்படி நடந்தது என்று குழம்பிக்கொண்டிருந்தேன். காலி என்று சொன்னேனே, ஏன் நிரப்பாமல் விட்டார்? ஒரு பக்கம் கோபம்கூட வந்தது.

வசந்தி அக்கா சோற்றுக் கரண்டியோடு வந்தார். "காணுமோ தம்பி?"

நான் மேசையைச் சுற்றிப் பார்த்தேன். "என்னக்கா காணும்?"

"சோறு. போதுமோ எண்டு கேக்கிறன்."

தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊரில் காணும் என்றால் தொலைந்துவிட்டது, இல்லை. பேனாவைக் காணும், ஆளைக் காணும். அவர்களுக்குக் காணும் என்றால் போதும். கடைசியில் போதும் என்று நான் சொன்னதாக அந்த மனுஷன் கேட்டிருக்கிறார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அக்கா பழம் வெட்டப் போனார்.

மாலை 4.30. ரயில் நிலையம் போகும் கார். சொல்லலாமா வேண்டாமா என்று நாலு சிக்னல் தாண்டினேன். பதினெட்டு வருடப் பெயரை என் வார்த்தை ஒன்று கெடுத்துவிட்டது. அவர் பிழை இல்லை என்று தெரிந்தால் ஆறுதலாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். நிலையத்துக்கு முன் வண்டியை நிறுத்தியதும் எல்லாவற்றையும் சொன்னேன். பிடியைப் பற்றிக் கேட்டதையும் சேர்த்து.

அவர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை.

"அண்ணே, ஹோர்ஸ்ட்கிட்ட நானே பேசுறேன். என்னாலதான்னு சொல்றேன்."

"வேண்டாம். கண்ணாடி போடாதது நான். அவைக்கு இதை டொச்சில எப்பிடி விளங்கப்படுத்துறது?" என்றார். "என்ர பிழை எண்டால் ஆறியிருப்பன் தம்பி. இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

"இஞ்ச எங்கட ஆக்களிட்டைத் துவக்கு எண்டு வாய் திறக்கேலாது. ஒண்டில் பயப்பிடுவினம், இல்லாட்டி வேற கதை கட்டுவினம். பதினெட்டு வருஷமா இதெல்லாம் டொச்சில தான் கதைச்சனான். மட்டம் பார்க்கிறதும் டொச்சில தான். ஒருக்காலும் பிழைக்கேல்லை" என்றார். "போறதுக்கு முன்னம் ஒருக்கா என்ர தமிழில இதைக் கதைக்க ஆசைப்பட்டன். அதுக்குத் தான் உங்களைக் கூப்பிட்டனான்."

மாலை 4.52. ஹாகன் போகும் வண்டி, இரண்டாவது நடைமேடை. அவர் என் பையை ஏற்றிவிட்டு, கையைக் குலுக்கி, "சுகமாப் போட்டு வாங்கோ" என்றார். ஜூனில் லண்டன் போனார். நான் போன் செய்தபோதெல்லாம் பேசினார், மகளின் படிப்பைப் பற்றி, வாடகையைப் பற்றி, மழையைப் பற்றி. சுடுவதைப் பற்றித் தமிழில் அவர் பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை.