தீபாவளி இல்லாத வருசத்துத் துப்பாக்கி

அந்தத் துப்பாக்கியைச் சின்னத் தாத்தா எனக்கு மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் வாங்கித் தந்தார். தகரத்தில் செய்தது. பிடியில் குதிரைத் தலை ஒன்று புடைத்திருக்கும். சிவப்புக் காகிதச் சுருளை உள்ளே மாட்டி விசையை இழுத்தால், மருந்துப் பொட்டு ஒவ்வொன்றாக மேலே வந்து 'டப்' என்று வெடிக்கும். அந்தப் புகை வாசனைக்காகவே மூக்கருகில் வைத்துக்கொண்டு சுடுவேன்.

வாடிப்பட்டிக்குத் திரும்புகிற பஸ்ஸிலேயே சின்னத் தாத்தா தானும் ஒன்று சுட்டுப் பார்த்தார்.

"பெருசு, தீபாவளிக்கு இன்னும் நாள் கிடக்கு" என்றார் கண்டக்டர்.

"எனக்கு இன்னைக்கே தீபாவளிதாம்ப்பா" என்றார் அவர்.

சின்னத் தாத்தா என் அப்பாவுக்குச் சித்தப்பா. என் சொந்தத் தாத்தாவின் முகத்தை அப்பா பார்த்ததே இல்லை. அப்பாவைத் தோளில் தூக்கி வளர்த்தவர் இவர்தான். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும், பிள்ளைகளா. தெரிந்தும் ஒன்றும் விளங்கவில்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

தீபாவளி நெருங்குகையில் ஒருநாள், மத்தியானம் சாப்பிட்டுப் படுத்த சின்னத் தாத்தா எழுந்திருக்கவில்லை. பேரன் பேத்தி கண்டவர். ஆகவே கல்யாணச் சாவு என்றார்கள். கொட்டு வந்தது. தேர் போலப் பூச்சோடித்த பாடை வந்தது. தெரு நெடுக வேட்டுப் போட்டார்கள். பெண்கள் ஒருபக்கம் மாரடித்து அழ, என் தாய்மாமன் முன்னால் ஆடிக்கொண்டே போனார். அவர் கண்ணில் நான் பட்டுவிட்டேன்.

"என்ன மாப்ள, பெருசு வாங்கித் தந்த துப்பாக்கிய வச்சுக்கிட்டுச் சும்மா வாரே? போடுடா!"

சுடுகாடு வரைக்கும் போட்டேன். "பேரன் நல்லா வழியனுப்புறான்யா" என்று யாரோ முதுகில் தட்டினார்கள். அப்பா மட்டும் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. விறகு வந்ததா, வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தாயிற்றா என்று ஓடிக்கொண்டே இருந்தார்.

பிறகு தீபாவளி வந்தது. ஊருக்கு வந்தது, எங்களுக்கு வரவில்லை. பங்காளி வீடுகள் எதிலும் எண்ணெய்ச் சட்டி ஏறக்கூடாதாம். ஆனால் மாமா ஒரு தூக்குச்சட்டி நிறைய அதிரசம் கொண்டுவந்தார், அதைத் தின்னலாமாம். இதுவே எனக்குக் குழப்பம். சரி, பலகாரத்துக்குத்தான் தடை என்று எண்ணி, வாசலில் நின்று 'டப்' என்று ஒன்று போட்டேன்.

"கொண்டா அத." அப்பா கையை நீட்டினார்.

"தாத்தா செத்தன்னைக்கு வெடிச்சோம்ல? இன்னைக்கு ஏன் வெடிக்கப்படாது?"

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா அதிரசத்தைப் பார்த்தார்.

"அது வேறடா" என்றார் அப்பா.

"எது வேற?"

"அது அவருக்குப் போட்டது. இது நமக்குப் போடுறது."

துப்பாக்கியும் மிச்சச் சுருளும் அவர் சட்டைப்பைக்குள் போயின. "தண்ணி பாச்சிட்டு வாரேன்" என்று வயலுக்கு நடந்தார்.

கிணற்றில் எறிந்துவிடுவாரோ என்று எனக்குப் பதைப்பு. வரப்பில் எட்ட எட்டப் பின்தொடர்ந்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் ரூமை நெருங்கியதும் அந்த இரைச்சலுக்குள் ஒரு 'டப்'. கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'டப்'. கதவிடுக்கில் பார்த்தேன். அப்பா தரையில் குந்தி, துப்பாக்கியை மூக்கருகில் வைத்து, ஒவ்வொன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றியது. மூடிய அறையில் சுட்டால் புகை கண்ணைக் கரிக்கும் என்பதுகூட இவருக்குத் தெரியவில்லையே என்று நினைத்தேன்.

எனக்குக் கோபம் பொங்கியது. என்னிடம் பிடுங்கிவிட்டு இவர் மட்டும் ஒளிந்து விளையாடுகிறார்! வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் கோள் சொன்னேன்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். அப்பாவைத் திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவளோ முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"மோட்டார் ஓடுதுல்ல?"

"ஓடுது."

"அப்ப அந்தச் சத்தத்துல உனக்கு ஒண்ணும் கேக்கல. என்ன?"

கேட்டதே அம்மா, என்றேன்.