கடந்த ஏழு நாளில் என்ன வேலை

லிங்கசாமி குண்டடத்துப் பக்கம் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். கிணறு வற்றிப்போன வருடங்களில் பூமியைத் தம்பி பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டுத் திருப்பூர் வந்தார். பல்லடம் ரோட்டை ஒட்டி ஒரு வீடு கட்டி, பக்கத்திலேயே ஷெட் போட்டுத் தையல் மிஷின்களை இறக்கினார். ஏற்றுமதிக் கம்பெனிகள் வெட்டி அனுப்பும் பனியன் துணியைத் தைத்துக் கொடுப்பதுதான் தொழில். ஊரில் அவர் பெயரே மாறிப்போனது. ‘கம்பெனிக்காரர்’ என்றால்தான் தெரியும்.

2008 தீபாவளி முடிந்ததும் அமெரிக்க ஆர்டர்கள் நின்றன. பெரிய கம்பெனிகளே ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது, வெளியே தைக்கக் கொடுப்பதற்குத் துணி ஏது? பொங்கலுக்கு ஊருக்குப் போன டெய்லர்களில் பலர் திரும்பவில்லை. சங்கரன்கோவில் பக்கத்துக்காரியான முத்துப்பேச்சி மட்டும் அவர் வீட்டுக்குப் பின்புறத்து லைன் வீடுகளில் ஒன்றில் குழந்தைகளோடு இருந்தாள். புருஷன் இல்லாதவள். ஷெட் தொடங்கிய காலத்திலிருந்து லிங்கசாமியிடம் தைத்தவள். வேலை வரும் என்று அவர் சொன்னதை நம்பி வேறெங்கும் போகாமல் காத்திருந்தாள்.

வேலை வரவில்லை. ஆனாலும் லிங்கசாமி தினமும் காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஷெட்டைத் திறப்பார். ஒரு மிஷினில் உட்கார்ந்து, துணியும் நூலும் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டுவார். தெருவில் போகிறவர்கள் காதில் அந்தச் சத்தம் விழவேண்டும். அப்புறம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார்.

மறு வருடம் ஆடி மாதத்தில் அரசாங்கத்திலிருந்து கணக்கெடுக்க ஒருவர் வந்தார். பழனிமுத்து என்று பெயர், சேவூர்க்காரர். தெருவில் சில வீடுகளை மட்டும் குலுக்கலில் எடுத்திருப்பதாகச் சொன்னார். லிங்கசாமியின் வீடும் முத்துப்பேச்சியின் வீடும் அதில் இருந்தன.

“நாட்டுல எத்தனை பேருக்கு வேலை இருக்குது, எத்தனை பேருக்கு இல்லைன்னு தெரிஞ்சுக்கத்தானுங்க இது. உங்க பேரு வெளிய போகாதுங்க” என்றார் பழனிமுத்து. லிங்கசாமியின் மனைவி பெரியாத்தாள் அவருக்குப் பின்னால் நின்றாள்.

“கடந்த ஏழு நாள்ல என்ன வேலை செஞ்சீங்க?”

“சொந்தக் கம்பெனிங்க.”

“ஏழு நாளும் ஓடுச்சுங்களா?”

“ஓடுச்சுங்க. லீவே இல்லீங்க” என்றார் லிங்கசாமி, சுவருக்கு அந்தப்பக்கமும் கேட்கும்படி சத்தமாக. “ஆளுக யாரையும் நிறுத்தலீங்க.”

பழனிமுத்து எழுதிக்கொண்டு பின்புறம் போனார். வழி காட்டுகிறேன் என்று லிங்கசாமியும் போய், குழாயடியில் நின்றுகொண்டார். அதே கேள்வியை முத்துப்பேச்சியிடம் கேட்டார் பழனிமுத்து. அவள் வாசற்படியில் நின்றபடி ஒருமுறை லிங்கசாமியைப் பார்த்தாள்.

“மொதலாளி ஷெட்டுலதான் தைக்கேன் சார்.”

“ஏழு நாளுமா?”

“ஆமா சார். தெனமும் போறேன்.”

அவளுக்குப் பின்னால் அடுப்பு பற்றாமல் கிடந்தது. சின்னவள் பக்கத்து வீட்டில் கொடுத்த சோற்றைத் தட்டில் வைத்துத் தின்றுகொண்டிருந்தாள். லிங்கசாமிக்குக் காது மடல் சுட்டது. அவர் பொய் சொன்னது தன் பெயருக்காக. அந்தப் பெயரைக் காப்பாற்ற அவள் தன் பட்டினியையே மறைத்துவிட்டாள்.

பழனிமுத்து கிளம்பிப் போனார். லிங்கசாமி குழாயடியை விட்டு நகரவில்லை.

“ஏம்மா அப்படிச் சொன்னே?”

“நீங்க ஓடுதுன்னு சொல்லுதீய. நான் இல்லைன்னு சொன்னா, அரசாங்கத்து ஆள் முன்னாடி உங்க மொகம் என்ன ஆவும்?” என்றாள் அவள். “வெறும் மிஷின் ஓட்டுதது எனக்குத் தெரியாதா மொதலாளி? தெருவுக்கே தெரியும்.”

தெருவுக்கே தெரியும். இத்தனை மாதமாக யார் காதுக்காக அந்த மிஷினை ஓட்டினாரோ, அவர்கள் எல்லாரும் தெரிந்துகொண்டே ‘கம்பெனி எப்படீங்க’ என்று விசாரித்திருக்கிறார்கள். லிங்கசாமிக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கி நடந்தார். பழனிமுத்து பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டிருந்தார்.

“ஏனுங்க, கொஞ்சம் நில்லுங்க. நான் பொய் சொல்லிட்டேனுங்க.”

பழனிமுத்து கோபப்படவில்லை. அவரோடு வீட்டுக்குத் திரும்பிவந்து முதலில் முத்துப்பேச்சியிடம் கேட்டார். அவள் தயங்கினாள். “உள்ளதைச் சொல்லும்மா” என்றார் லிங்கசாமி. அவள் சொன்னாள். அடுத்து அவருடைய முறை.

“ஷெட்டைத் திரும்ப ஓட்டுவீங்களா? ஆர்டர் வர்ற வரைக்கும்தான் நிறுத்தி வெச்சிருக்கீங்கன்னா, தொழில் இருக்குதுன்னுதானுங்க நான் எழுதோணும். வேலை இல்லாதவர்னு எழுதோணும்னா, அது முடிஞ்சு போச்சு, வேற வேலை கெடைச்சாப் போவேன்னு நீங்க வாயால சொல்லோணும்.”

பெரியாத்தாள் கதவருகில் இருந்தாள். முத்துப்பேச்சியும் போகவில்லை.

“முடிஞ்சு போச்சுங்க” என்றார் லிங்கசாமி. “யாராச்சும் கூப்பிட்டா வேலைக்குப் போவேனுங்க.” கடைசி வார்த்தை சரியாக வெளியே வரவில்லை. பழனிமுத்து இன்னொருமுறை கேட்டு எழுதவேண்டியிருந்தது.

இருவரும் போனதும் பெரியாத்தாள், “அந்தப் பொம்பளை முன்னாலதான் சொல்லோணுமா? இனி எப்படி நான் தண்ணி புடிக்கப் போவேன்?” என்று கேட்டாள். சில நாட்கள் அவரோடு பேசவில்லை.

லிங்கசாமி மிஷின்களை வந்த விலைக்கு விட்டார். முத்துப்பேச்சி ஒரு பெரிய கம்பெனியில் சேர்ந்தாள். அங்கே சூப்பர்வைசர் தேவை என்று அவள்தான் வந்து சொன்னாள். லிங்கசாமி வேலைக்குப் போன முதல் நாள், கம்பெனி கேட்டில் பழைய டெய்லர்களோடு வரிசையில் நின்றபோது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. உள்ளே போனதும் முத்துப்பேச்சி பழக்கத்தில் ‘மொதலாளி’ என்று கூப்பிட்டுவிட, சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

“இனிமே அண்ணான்னு கூப்பிடும்மா” என்றார்.

அடுத்த தையில் குண்டடத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த மச்சான், “கம்பெனி எப்படிப் போகுதுங்க மாப்பிள்ளை?” என்று கேட்டார். நல்லாப் போகுதுங்க என்பது நாக்கு நுனிவரை வந்தது.

“கம்பெனி இல்லீங்க. வேலைக்குப் போயிட்டு இருக்கேன்” என்றார் லிங்கசாமி.

மச்சான் ‘அப்படீங்களா’ என்று சொல்லிவிட்டு அந்தப்பக்கம் திரும்பி வேறு யாரிடமோ மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ரசம் ஊற்றுகிறவர் வந்து நின்றார். லிங்கசாமி நிமிராமலே இலையை முன்னால் நகர்த்தினார்.